தொழிலாளிக்கு ஒரு மாணவ நண்பன்: தென் கொரியாவில் கிறிஸ்தவ மாணவர் இயக்கம்

தென் கொரியாவில் தனித்தனியே இயங்கிவந்த கிறிஸ்தவ மாணவர் அமைப்புகள் 1969 நவம்பரில் ஒன்றாக இணைந்து, கொரிய மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் என்ற பெயரைப் பெற்றன. 1895இல் ஸ்வீடன் நாட்டின் வாட்ஸ்டேனாவில் தோன்றிய உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் கிளையே இது. இந்த இணைப்புக்கு முன்பு இவ்வமைப்புகளின் பணி பெரும்பாலும் வேத பாட வகுப்பு, முகாம், ஜெபக்கூட்டம் என்ற அளவிலேயே இருந்தது. நாடோ வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1961 மே மாதம் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பார்க் சங்-ஹீ, ஏற்றுமதித் தொழிலை முடுக்கிவிட்டார். கிராமங்களை விட்டு வந்தவர்கள் சியோலின் ஓடைக்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் குடிசை போட்டார்கள். அரசு அவற்றை இடித்து அவர்களை நகருக்கு வெளியே தள்ளியது.

இந்தச் சூழலில் புதிய சம்மேளனம் ‘மாணவர் சமூக மேம்பாட்டுக் குழு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. விடுமுறை வந்தால் மாணவர்கள் குடிசைப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய், அங்குள்ளவர்களோடு தங்கி, அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டறிய வேண்டும். திட்டத்தை வகுத்ததில் ஓ ஜே-ஷிக் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. தர்மம் செய்வதும் மதம் பரப்புவதும் இத்திட்டத்தில் இல்லை. படித்தவன் படிக்காதவனுக்குச் சொல்லித் தரப் போகிறான் என்ற பழைய எண்ணத்தை மாற்றி, மாணவனைக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

அடுத்த ஆண்டே அந்த விதைக்குச் சோதனை வந்தது. சியோலின் சொங்கியேச்சொன் பகுதியில் ‘அமைதிச் சந்தை’ என்றொரு ஆயத்த ஆடைச் சந்தை இருந்தது. அதன் சிறு பட்டறைகளில் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத மச்சுகளில், பதின்ம வயதுப் பெண்கள் நாளொன்றுக்கு 14, 15 மணி நேரம் தைத்தார்கள். துணித்தூசியால் நுரையீரல் கெட்டது. நோய் கண்டால் வேலை போனது. அங்கே துணி வெட்டும் வேலை பார்த்த ஜியோன் தே-இல் என்ற இளைஞர், 1953ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருப்பதை அறிந்தார். அந்தச் சட்டநூலை வாங்கினார். அதில் நிறைந்திருந்த சீன எழுத்துகளை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவரால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. விளக்கிச் சொல்ல ஒரு கல்லூரி மாணவன் தனக்கு நண்பனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் ஏங்கினார். தொழிலாளரிடம் கருத்துக் கேட்டு விவரம் திரட்டினார், அதிகாரிகளிடம் மனு கொடுத்தார். எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, கையில் அந்தச் சட்டநூலோடு தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அவர் தேவாலயத்துக்குத் தவறாமல் போன கிறிஸ்தவர்.

தற்கொலை பாவம் என்று கற்பித்துவந்த சபைகள் இந்தச் சாவின் முன் திகைத்தன. ஓ ஜே-ஷிக் இதை இயேசுவின் மரணத்தோடு வைத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களை உலுக்கியது அந்த நிறைவேறாத ஏக்கம்தான். சியோலில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருந்தும் ஜியோனுக்கு ஒரு நண்பன் கிடைக்கவில்லை. இதற்குப் பின் தொழிலாளர் பிரச்சினை மாணவர்களுக்கு வெறும் ஆய்வுப் பொருளாக இருக்கவில்லை. அதே மாதத்தில் சொங்கியே ஆடைத் தொழிலாளர் சங்கம் உருவானது. மகன் ஜியோனை இழந்த லீ சோ-சன் அம்மையார், 2011இல் இறக்கும்வரை தொழிலாளர் அனைவருக்கும் தாயாகவே வாழ்ந்தார்.

1972 அக்டோபரில் பார்க் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தாமே வாழ்நாள் முழுதும் ஆள வழிசெய்யும் ‘யூஷின்’ அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாய் திறப்பவர் குறைந்துபோனார்கள். 1973 ஏப்ரல் 22 அன்று சியோலின் நாம்சான் மலையில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனை நடந்தது. சியோல் ஜே-இல் சபையின் போதகர் பார்க் ஹியுங்-கியுவும் சில துணைப் போதகர்களும் சம்மேளன மாணவர்களும் அங்கே துண்டறிக்கை கொடுக்கவும் பதாகை பிடிக்கவும் திட்டமிட்டார்கள். சர்வாதிகாரத்துக்கு மனமாற்றமும் ஜனநாயகத்துக்கு உயிர்த்தெழுதலும் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பதாகைகளை விரிக்க முடியவில்லை. சில துண்டறிக்கைகள் மட்டுமே கைமாறின. கூட்டத்தில் பெரும்பாலோர் எதையும் கவனிக்காமல் வீடு திரும்பினார்கள். ஆனால் சில மாதங்களுக்குள் அரசு இதைக் கண்டுபிடித்து, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று வழக்குத் தொடுத்தது. ஒரு சில காகிதங்களைக் கண்டு இவ்வளவு அஞ்சிய அரசு, தன் பலவீனத்தைத் தானே வெளிக்காட்டியது.

1974 ஏப்ரல் 3 அன்று 4ஆம் அவசர ஆணை வந்தது. தேசிய ஜனநாயக இளைஞர் மாணவர் கூட்டமைப்பு என்பதோடு தொடர்பு வைப்பதும், அதைப் புகழ்வதும், காரணமில்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதும்கூடக் குற்றமாயின. மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றது ஆணை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். சம்மேளனத்தின் செயலர்களும் மாணவத் தலைவர்களும் ஏறக்குறைய மொத்தமாகச் சிறைக்குப் போனார்கள். மாணவர்களுக்குப் பணம் போய்ச்சேர உதவினார் என்பதற்காகப் போதகர் பார்க் ஹியுங்-கியுவுக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கவிஞர் கிம் ஜி-ஹாவுக்கு விதித்த மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையானது.

அதே 1974 ஆகஸ்டில் சியோலின் யோயிதோ திடலில் ‘எக்ஸ்ப்ளோ 74’ என்ற மாபெரும் நற்செய்திப் பெருவிழா நடந்தது. லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அரசு அதைத் தடுக்கவில்லை. கொரியச் சபைகள் சர்வாதிகாரத்தை ஒன்றாக நின்று எதிர்த்தன என்ற எண்ணம் சில நூல்களில் தென்படுகிறது, அது சரியல்ல. பெரிய சபைகள் பல, கம்யூனிச அச்சத்தின் பெயரால் ஆட்சியாளரை ஆசீர்வதித்தன. எதிர்த்து நின்றவர்கள் சிறுபான்மையினரே. அவர்களின் துணிவை அளக்கும்போது இந்தத் தனிமையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

அந்தச் சிறுபான்மைக்குக் கிடைத்த இடம் ஜோங்னோ பகுதியில் இருந்த கிறிஸ்தவர் மாளிகை. 1974 ஜூலையில் அங்கே வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் தொடங்கியது. சிறைப்பட்ட மாணவர்களின் தாய்மார்களும் மனைவியரும் வந்தார்கள். செய்தித்தாள்கள் அச்சிடத் துணியாத விவரங்கள் விண்ணப்பமாகவும் சாட்சியாகவும் அங்கே சொல்லப்பட்டன. மாணவர்களைப் பின்னின்று இயக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ‘மக்கள் புரட்சிக் கட்சி’ வழக்கினரின் குடும்பங்களையும் அக்கூட்டம் அணைத்துக்கொண்டது. அவர்களுக்காக ஜெபித்த அமெரிக்க மிஷனரி ஜார்ஜ் ஓகிள் 1974 டிசம்பரில் நாடு கடத்தப்பட்டார். 1975 பிப்ரவரியில் மாணவர்கள் பெரும்பாலும் விடுதலையானார்கள். ஆனால் ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் மக்கள் புரட்சிக் கட்சி வழக்கில் எட்டுப் பேரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. மறுநாள் விடியற்காலையிலேயே அந்த எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த அனுபவங்களிலிருந்து ‘மின்ஜுங்’ இறையியல், அதாவது ஒடுக்கப்பட்ட மக்களின் இறையியல், பிறந்தது. அதை வளர்த்த சோ நாம்-தோங், ஆன் பியோங்-மு இருவரும் பல்கலைக்கழக வேலையையும் இழந்து சிறையும் கண்டவர்கள். தூக்கிச் சுமக்க ஆளில்லாத மக்களைப் பிறரால் நடத்தப்படுபவர்களாக அல்ல, வரலாற்றை நடத்துபவர்களாக அவர்கள் பார்த்தார்கள். ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டின் ஆதரவில் 1979இல் சியோலில் நடந்த கலந்தாய்வு இச்சிந்தனையைப் பிற ஆசிய நாடுகளுக்கு எடுத்துச்சென்றது. அந்த மாநாட்டின் முன்னோடி அமைப்புக்கு முதல் பொதுச்செயலர் யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ். கொரியாவின் உண்மை நிலை வெளியுலகுக்குத் தெரிந்ததிலும் இந்த ஆசியத் தொடர்புகளுக்குப் பங்குண்டு. ஜப்பானில் வாழ்ந்த ஜி மியோங்-குவான், கைக்குக் கை மாறி வந்த தகவல்களைக் கொண்டு, ‘டி.கே.’ என்ற புனைபெயரில் ‘செகாய்’ இதழில் 1973 முதல் 1988 வரை எழுதினார்.

1979 அக்டோபரில் பார்க் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னும் ராணுவ ஆட்சி ஓயவில்லை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதை நாட்டுக்குச் சொல்ல மெதடிஸ்ட் இளைஞரும் சோகாங் பல்கலைக்கழக மாணவருமான கிம் உய்-கி துண்டறிக்கை எழுதினார். மே 30 அன்று கிறிஸ்தவர் மாளிகையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டுகளில் பல மாணவர்கள் படிப்பை மறைத்துத் தொழிலாளராகவே ஆலைகளில் சேர்ந்தார்கள். 1987 ஜூன் எழுச்சி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மீட்டது.

நீதிமன்றங்கள் தாமதமாகவே தம்மைத் திருத்திக்கொண்டன. தூக்கிலிடப்பட்ட எட்டுப் பேரும் குற்றமற்றவர்கள் என்று 2007 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. போதகர் பார்க் ஹியுங்-கியுவின் 1974ஆம் ஆண்டு வழக்கு 2012 செப்டம்பரில் மறுவிசாரணைக்கு வந்தபோது, அவரை விடுவிக்கும்படி கேட்டவர் அரசுத் தரப்பு வழக்கறிஞரே. நீதிமன்றம் அவ்வாறே விடுவித்தது.