கர்வ்பால்: திருகாதீங்க, சுழற்றுங்க

இன்னைக்கு பேஸ்பால்ல கர்வ்பால் எப்படிப் போடுறதுன்னு பார்க்கலாம்.

கிரிக்கெட்டில் ஸ்பின்னர் போடும் பந்து தரையில் பட்டுத் திரும்பும். பேஸ்பாலில் அந்த வசதி இல்லை. பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கிற 60 அடி 6 அங்குலத்துக்குள் பந்து காற்றிலேயே வளையணும். பந்து முன்பக்கமா உருளுற மாதிரி சுழன்றா, காற்று அதைக் கீழே தள்ளும். இதுதான் மேக்னஸ் விளைவு.

புதுசா கத்துக்கிறவங்க சுழற்சி வேணும்னு மணிக்கட்டை வெடுக்குன்னு திருகுவாங்க. அது வேண்டாம். நடுவிரலைத் தையலை ஒட்டி வைங்க. கை மேலே வரும்போது உள்ளங்கை உங்க தலைப் பக்கம் பார்க்கட்டும். விரல் பந்தின் முன்பக்கமா கீழே இழுக்கட்டும். முதல்ல கிட்ட நின்னு, மெதுவா போட்டுப் பழகுங்க.

வயசும் முக்கியம். மேஜர் லீக்கின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 12 வயசு வரைக்கும் ஃபாஸ்ட்பாலும் சேஞ்சப்பும் போதும்னு சொல்லுது.

1974-ல் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு முழங்கை லிகமென்ட் அறுந்தது. மறுகையிலிருந்து தசைநார் எடுத்து வச்சாங்க. 1975 சீசன் முழுக்க அவரால ஆட முடியலை. அப்புறம் 1989 வரை ஆடினார், அது உண்மைதான். ஆனா எல்லாருக்கும் அப்படி அமையாது.

முழங்கை வலிச்சா அன்னைக்கே நிறுத்திடுங்க. கோடிங் மாதிரி இதுக்கு ரோல்பேக் கிடையாது. அடுத்த எபிசோடில் ஸ்லைடர் பார்க்கலாம்.