பக்கத்தில் உட்காரக் கூடாத பிள்ளைகள்



சென்னையில் நம்ம வானகரம் வழியாகப் போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர் பஸ்ஸில் ஏறினால், மடியில் ஃபைலும் எக்ஸ்ரே கவருமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அவர்களில் சிலர் கையில் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயருள்ள நோய் இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தக் குழந்தையை முத்தமிட்டால் தாயின் உதட்டில் உப்புக் கரிக்கும். வியர்வையில் அவ்வளவு உப்பு. மே மாத வெயிலில் உடம்பின் உப்பெல்லாம் வியர்வையோடு போய், துவண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுகிற கைக்குழந்தைகள் உண்டு. அந்த உப்பை அளப்பதுதான் நோயைக் கண்டுபிடிக்கும் முக்கியமான பரிசோதனை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்கிற நம்மிடையே அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் இந்தியாவில் 1968-லேயே இது பதிவாகியிருக்கிறது. இன்றும் ஆஸ்துமா என்றும் டிபி என்றும் வைத்தியம் பார்த்துப் பார்த்து, வருடங்கள் போன பிறகு உண்மை தெரிகிற குடும்பங்கள் இருக்கின்றன.

இந்த நோயில் நுரையீரலின் சளி பிசின் போல் கெட்டியாகிவிடும். நமக்கெல்லாம் சளி தானாக மேலேறி வெளியே வந்துவிடும். இவர்களுக்கு அது உள்ளேயே தங்கும். தங்கின சளியில் கிருமி குடியேறும். ஒருமுறை வேரூன்றினால் விரட்டுவது மிகக் கடினம். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, பிறப்போடு வருவது. ஆனால் அதன் மேல் குடியேறும் கிருமி, இதே நோயுள்ள இன்னொருவருக்கு ஒட்டும்.

இதை உலகம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, அவரவருக்கு அவரவர் சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது என்றுதான் மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம்கள் நடத்தினார்கள். பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, ஒரே அறையில் தூங்கி, தன்னைப் போல இருமுகிற இன்னொரு பிள்ளையை முதல்முறையாகப் பார்த்த சந்தோஷத்தோடு வீடு திரும்பினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு கூடவே கிருமியும் போனது.

பர்கோல்டேரியா செபேசியா என்று ஒரு கிருமி. 1950-ல் வால்டர் பர்கோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோய் அறிஞர், வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியாக அதை விவரித்தார். நல்ல உடம்புக்காரரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள சிலரை அந்தக் கிருமிக் குடும்பம் சில வாரங்களிலேயே கொண்டுபோய்விடும். எடின்பரோவில் ஜான் கோவன் குழுவினர், நோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பழகியதிலேயே அது பரவியதை 1993-ல் காட்டினார்கள். முகாம்கள் மூடப்பட்டன.

1996-ல் லிவர்பூல் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இன்னொரு அதிர்ச்சி. அங்கே வந்துபோன பல பிள்ளைகளின் நுரையீரலில் ஒரே வகை சூடோமோனாஸ் கிருமி, அதுவும் மருந்துக்கு அடங்காதது. குணப்படுத்த வேண்டிய இடமே கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமி கைமாறும் இடமாகியிருந்தது. 2013-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஒரே மையத்தில் சிகிச்சை பெற்ற 31 பேரிடம் எடுத்த இன்னொரு கிருமியின் மரபணுவை முழுசாகப் படித்துப் பார்த்தார்கள். சிலருடைய கிருமிகள் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. அந்த மையம் தொற்றுத் தடுப்பில் கவனமாக இருந்த இடம். அப்படியிருந்தும் இந்தக் கதி.

எப்படிப் பரவுகிறது? இருமல் ஒரு முக்கிய வழி. இவர்கள் இருமும்போது வெளிவரும் நுண்துளியில் கிருமி 4 மீட்டர் தூரம் வரை போகிறது, 45 நிமிடம் வரை காற்றில் உயிரோடு இருக்கிறது என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஒருவர் அறையை விட்டு எழுந்து போன பிறகும் ஆபத்து அங்கேயே இருக்கிறது.

இப்போது நம்ம ஊர் ஓபி ஹாலை நினைத்துப் பாருங்கள். டோக்கன் வாங்கி, இரும்பு நாற்காலி வரிசையில் நெருக்கியடித்து, ஏசிக்காக ஜன்னலெல்லாம் சாத்தி, இரண்டு மணி நேரம். பக்கத்தில் இன்னொரு அம்மா. "உங்க பையனுக்கும் இதேதானா?" என்ற ஒரு கேள்வியில் ஆரம்பித்து, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். ஊரில் வேறு யாருக்கும் புரியாத கஷ்டம் இந்த ஒருத்திக்குப் புரிகிறதே என்ற ஆறுதல். இரண்டு பிள்ளைகளும் ஒரே ஃபோனில் தலை முட்டிக் கார்ட்டூன் பார்க்கும். அந்தத் தாயிடம் போய், "அம்மா, தள்ளி உட்காருங்க" என்று சொல்வது எவ்வளவு கொடுமையாகத் தோன்றும்! ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆறுதலை ஃபோனில் பேசித் தேடிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இப்படித் தள்ளிவைக்கப் பெரிய செலவில்லை என்பதுதான் என் கட்சி. 1981-லேயே கோபன்ஹேகனில் கிருமி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வேறு வேறு நாட்களில் வரச் சொன்னார்கள். புதிய தொற்று குறைந்தது. அமெரிக்க வழிகாட்டுதல் 2013 முதல் நோயாளிகளுக்கிடையே 2 மீட்டர் இடைவெளியும், மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் மாஸ்க்கும் கேட்கிறது. கொரோனாவில் நாம் எல்லோரும் பழகியதுதான். வந்தவுடன் நேராக அறைக்கு அனுப்புவது, ஒருவர் போனபின் கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு அடுத்தவரை அழைப்பது, மூச்சைச் சோதிக்க ஊதும் கருவியில் ஆளுக்கொரு வாய்க்குழாய், இவ்வளவுதான். 2019-ல் வந்த புதிய மாத்திரைகள் பலருடைய ஆயுளை மாற்றியிருக்கின்றன, உண்மை. ஆனால் அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. ஜன்னலைத் திறக்க யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். தெருமுனை கிளினிக்கில் ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து கழற்றிய மாஸ்க்கை, குழாயடியில் ஓர் அலசு அலசி அடுத்த பிள்ளைக்கு வைப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஈரம் நிற்கிற அந்தக் குட்டிக் கிண்ணம் கிருமிக்குப் பிடித்தமான வீடு. வீட்டில் சொந்தக் கருவி இருந்தால், ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிக்கவைக்கக் கூடிய பாகங்களைக் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து மூடி வையுங்கள்.

வெளியே போகும்போது பிள்ளைக்குச் சொந்த மாஸ்க்கும் குழாயும் பையில் இருக்கட்டும். நர்ஸ் மாஸ்க்கை எடுத்து வரும்போது, "சிஸ்டர், இது புதுசா?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.