அலை வரும் பின்னே, கணக்கு வரும் முன்னே
(தொலைக்காட்சிக் கருத்து மன்றத்தில் ஒளியேறிய உரையின் எழுத்து வடிவம்)



பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், அந்தத் தடத்தின் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடல். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும் பெற்றோருக்குத் தெரியும், பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று. "அலை எங்கே, அப்பா?"

சேறு இருக்கிறது. சதுப்பு நில மரங்கள் இருக்கின்றன. கெத்தாம் தீவுக்குப் போகும் படகு இருக்கிறது. சினிமாவில் பார்க்கிற அலை மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் எதிரே நீண்டு கிடக்கும் சுமத்ரா தீவு. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் பேரலைகளை அது தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. அந்த முதுகுப் பக்கத்தில் நியாஸ் என்றொரு தீவு இருக்கிறது. கிள்ளானிலிருந்து நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து கங்காருக்குக் காரில் போகிற தூரம்தான். அத்தீவின் தெற்கே லகுண்ட்ரி விரிகுடாவில், கடலடியில் ஒரு பவளப்பாறைத் திட்டு உண்டு. 1975-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் சிலர் அங்கே அலைச்சறுக்கு விளையாட வந்ததிலிருந்து அது உலகப் புகழ் பெற்றுவிட்டது. 2005 மார்ச் 28-இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அந்தப் பாறைத் திட்டையே மேலே தூக்கிவிட்டது. அதன்பின் அங்கே அலை முன்னைவிட முரட்டுத்தனமாக உடைகிறது என்கிறார்கள் சறுக்குபவர்கள். 2018 ஜூலை மாதக் கடைசியில் அங்கே எழுந்த அலைகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அந்த ஜூலை அலைகளைப் பிடிக்கச் சறுக்கு வீரர்கள் பல நாடுகளிலிருந்து விமானம் ஏறி முன்கூட்டியே வந்து காத்திருந்தார்கள். நியாஸ் தீவில் அப்போது புயல் எதுவும் இல்லை. பின் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

காற்று பெற்ற பிள்ளை

அலையைப் பெறுவது காற்று. அலை எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன. காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் விடாமல் அடித்தது, எவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின் மேல் அடித்தது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் இம்மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. நிலமே குறுக்கிடாத கடல் அது. அங்கே பிறக்கும் அலை, தன்னைப் பெற்ற புயலை விட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் புறப்பட்டுவிடும். புயல் செத்த பிறகும் அலை போய்க்கொண்டே இருக்கும்.

இந்த அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி ஆகிறது என்பதைத்தான் அலையின் கால இடைவெளி என்கிறார்கள். இடைவெளி நீளமாக இருந்தால் வேகமும் அதிகம். ஆழ்கடலில் 20 விநாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் ஒரு நாளில் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். 15 விநாடி அலைக்கூட்டம் சுமார் 1,000 கிலோமீட்டர் கடக்கும்.

தீபாவளிக்கு முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வரிசையாகக் கிளம்பும் வாகனங்களை நினைத்துப் பாருங்கள். ரவாங்கில் எல்லாம் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தஞ்சோங் மாலிமில் வேகமான கார்கள் முன்னே போயிருக்கும், லாரிகள் பின்தங்கியிருக்கும். ஈப்போ சுங்கச்சாவடியில் நிற்கிறவர் முதல் காருக்கும் முதல் லாரிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று பார்த்தாலே, வண்டிகள் எங்கிருந்து கிளம்பின, எப்போது கிளம்பின என்று சொல்லிவிடலாம். அலையிலும் அதே கணக்குத்தான். 5,000 கிலோமீட்டர் தூரத்துப் புயலின் 20 விநாடி அலைகள் நான்கு நாட்களுக்குள் வந்து சேரும். 15 விநாடி அலைகள் வர ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகும்.

இந்தக் கணக்கைப் போட்டவர்களில் முதன்மையானவர் வால்டர் மங்க். 1917-இல் வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, 2019-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்த கடலியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது படகுகளில் கரை இறங்கும் வீரர்கள் அலையில் கவிழ்ந்துவிடாமல் இருக்க, தம் ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்புடன் சேர்ந்து அலையை முன்கணிக்கும் முறையை உருவாக்கினார். 1944-இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது அந்த முறை பயன்பட்டது. பிறகு 1963-இல் நியூசிலாந்து தொடங்கி அலாஸ்கா வரை பசிபிக் கடலில் வரிசையாக நிலையங்கள் அமைத்து, தென்கடலில் பிறந்த அலை வடதுருவப் பக்கம் வரை போவதைத் தம் குழுவினருடன் அளந்து காட்டினார். போருக்காகப் போட்ட கணக்கு, இன்று விளையாட்டுக்காரர்களின் கைத்தொலைபேசியில் இருக்கிறது.

பாறை செய்யும் வேலை

சரி, அலை புறப்பட்டுவிட்டது, வரும் நாளும் தெரிந்துவிட்டது. அது கரையில் எத்தனை உயரம் எழும்? இதுதான் கஷ்டமான கேள்வி.

20 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 600 மீட்டருக்கு மேல். அதன் பாதி ஆழத்தில், அதாவது சுமார் 300 மீட்டரிலேயே, அது தரையை உணரத் தொடங்கிவிடும். தரை தட்டினால் வேகம் குறையும், அலை வளையும், உயரும். சாதாரண மணல் கரையில் இது மெதுவாக நடக்கும். பாறைத் திட்டில் அப்படியல்ல. ஆழத்திலிருந்து திடீரென்று மேட்டில் மோதும் அலை, நின்ற இடத்திலேயே சுவராக எழுந்து முன்னே கவிழும். கலிபோர்னியாவின் மாவெரிக்ஸில் கடலடி மேடு அலையைப் பூதக்கண்ணாடி போல ஒரே இடத்தில் குவிக்கிறது. போர்த்துகல்லின் நசாரேயில் கடலடிப் பள்ளத்தாக்கு அந்த வேலையைச் செய்கிறது. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம்!

ஆகவே கணிப்பவர்கள் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. இடைவெளி எத்தனை விநாடி, எந்தத் திசையிலிருந்து வருகிறது, கரைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாறையின் மேல் அந்த நேரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். கணினி சொன்னதைக் கடலில் மிதக்கும் அளவைக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். அப்படியும் தவறுவதுண்டு. 1994 டிசம்பர் 23-இல் மாவெரிக்ஸில் உயிரிழந்த மார்க் ஃபூ, பெரிய அலைகளில் பல்லாண்டு பழகிய வீரர்.

பொதுமக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் எண் ஒன்று உண்டு. "அலை உயரம் 2 மீட்டர்" என்று அறிக்கையில் வந்தால், எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளல்ல. எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. தனி ஓர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கலாம். அதோடு தூரத்து அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலை வந்துவிட்டு, பத்து நிமிடம் கடல் பூனை போல் படுத்துக்கிடக்கும். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். தொலைக்காட்சிச் செய்தியின் முடிவில் கடல் நிலவரம் அரை நிமிடத்தில் ஓடிவிடுகிறது, அதில் இதையெல்லாம் எங்கே சொல்வது?

கள்ளனைப் போல் வந்த கடல்

தென்கடலின் அலை சறுக்குபவர்களுக்கு மட்டும் வருவதில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்று சொல்வார்கள். காற்றில்லை, மழையில்லை, வானம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கடல் திருடனைப் போல் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அருமையான பெயர். 2012-இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது.

2024 மார்ச் 31-ஆம் நாள் ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் கடல் ஊருக்குள் புகுந்தது. அந்த அலைகளின் பிறப்பிடம் இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி, தென்கடலில் ஒரு வாரத்துக்கு முன் உருவான காற்றழுத்தத் தாழ்வு. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 18 விநாடி அலை நாளுக்கு 1,200 கிலோமீட்டர் வீதம் எட்டு நாளில் வந்து நிற்கும்.

அடுத்த மே மாதமே மறுபடியும் வந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இத்தகைய அலைகளுக்கென்றே முன்னறிவிப்பு முறை ஒன்றை நடத்தி வருகிறது. அந்த மே மாதத்திலும் கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் எச்சரிக்கை முன்கூட்டியே வெளிவந்துவிட்டது. ஆனாலும் மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். ஒரு திருமணத்திற்காக அந்தப் பக்கம் வந்திருந்தவர்கள். ஐந்து வீட்டில் டாக்டர் ஆகவிருந்த பிள்ளை இல்லை.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எச்சரிக்கையும் இருந்தது. கரைக்கு வந்தவர் கண்ணில் பட்டது வெயிலும் நீலக்கடலும்தான்.

மலேசியத் தமிழர்கள் இதைத் தூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மக்கள் ஆண்டுதோறும் திருத்தல யாத்திரையாகக் கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் ராமேசுவரத்திற்கும் போகிறார்கள். விடுமுறைக்குப் பாலிக்குப் போகிறார்கள். நமக்குப் பழக்கமான கடல் கிழக்குக் கரைக் கடல். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் குவாந்தானிலும் செரத்திங்கிலும் அலை எழும், மழையும் கூடவே கொட்டும். வானிலை ஆய்வு இலாகாவின் மூன்று படி எச்சரிக்கையும் காற்றையும் அலையையும் சேர்த்தே சொல்கிறது. காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்றால் முதல் படி. காற்று 60-ஐத் தாண்டி அலை 4.5 மீட்டருக்கு மேல் போனால் மூன்றாம் படி. வானம் இருண்டால் கடல் பொல்லாதது என்று இங்கே கண்ணால் பார்த்தே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு கன்னியாகுமரிப் பாறையில் நின்று படம் எடுத்தால் ஆபத்து.

அலை இல்லாத ஊரின் ஆபத்து

மீண்டும் கிள்ளானுக்கு வருவோம். அலை இல்லை என்பதால் இந்தக் கடல் சாது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே கடல் மேலெழும்பும். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய பெருக்கு நாட்களில் அட்டவணை காட்டும் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். தாழ்வான கம்போங்குகளில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனமழையும் பெருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்று நீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் நின்றுவிடும்.

(ஒரு சின்ன செய்தி: தீபகற்பத்தில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும், அது கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டதுதான். கிள்ளான்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

பெருக்கைக் கணிப்பது அலையைக் கணிப்பதைவிடச் சுலபம். புயலை நம்ப வேண்டியதில்லை, நிலவையும் சூரியனையும் நம்பினால் போதும். ஓராண்டுக்கு முன்பே மணி, நிமிடம் வரை அச்சடித்துவிடுகிறார்கள். இண்டா தீவில் இருக்கும் அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீராய்வு மையம் அந்த அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நிற்கும் நாள் அமாவாசை, பௌர்ணமி. அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும்தான் நீர் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக இறங்கும். நம் குடும்பங்கள் திதி கொடுக்கவும் தர்ப்பணம் செய்யவும் மோரிப்புக்கும் கிள்ளான் கரைக்கும் போகும் நாள் எது? ஆடி அமாவாசை. தை அமாவாசை. கடல் தன் முழு வீச்சைக் காட்டும் நாளாகப் பார்த்துத்தான் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

மோரிப் கரை சாய்வில்லாத கரை. நீர் இறங்கினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வெளியே போய்விடும். நீரைத் தேடிச் சேற்றில் நடந்து போவார்கள். திரும்பி ஏறும் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி நேரம் சோம்பேறி. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். 4 மீட்டர் ஏற்றம் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் 2 மீட்டர், ஓர் ஆள் உயரத்திற்கும் மேல். மந்திரம் சொல்லத் தொடங்கும்போது கணுக்காலில் இருந்த நீர், பிண்டம் கரைக்கும்போது இடுப்பில் நிற்கலாம்.

ஐயர் குறித்துக் கொடுக்கும் நேரம் ஒன்று, கடல் குறித்திருக்கும் நேரம் இன்னொன்று. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அட்டவணையில் கிள்ளான் துறைமுகத்திற்கு உரிய பக்கத்தைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேரே பாருங்கள். பெரும்பாலும் நான்கு நேரம் இருக்கும், இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். மறுநாளுக்கு அதையே வைத்துக்கொள்ளக் கூடாது, நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இறக்கம் முடியும் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஐயரிடம் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்திற்குள் எல்லாரையும் கரையேற்றிவிடுவதற்கு அவரே அவசரப்படுத்துவார்.