ஓதத்தை மறைக்காதீர்கள், போக்குங்கள்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் வீடுகளில் வண்டி ஷெட் இன்று வண்டிக்கு மட்டுமல்ல. அரிசி மூட்டையும் தையல் மிஷினும் அங்கேதான். சிலர் அதையே அறையாக்கி வாடகைக்கு விடுகிறோம். அந்தச் சுவரில் ஓதம் ஏறிக் கறுப்பாகப் பூசணம் பிடித்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் வயதான அத்தாவுக்கும் இருமலும் இழுப்பும் கூடும்.

மழை முடிந்ததும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்கு அது பொரிந்து விழுகிறது. காரணம், நீர் வரும் வழியை நாம் அடைக்கவில்லை.

நீர் மூன்று வழிகளில் வரும். சுவரின் அடியில் 2, 3 அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்தோ ஓரிடத்தில் மட்டுமோ கறை இருந்தால், மொட்டை மாடி விரிசல், குழாய் அல்லது மழைநீர்க் குழலின் கசிவு. மூன்றாவது, கதவை அடைத்த ஷெட்டுக்குள் நனைந்த வண்டியும் ஈரத் துணியும் விடும் ஆவி.

சந்தேகமா? ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் கோத்தால் அறைக் காற்றில் இருக்கிறது.

சுவரை ஒட்டிய வெளித்தரை ஷெட்டின் தரையைவிட அரையடியாவது தாழ்ந்து, நீர் வெளியே ஓடும்படி சரிவாக இருக்க வேண்டும். ஒளு செய்யும் குழாயின் நீரும் துணி துவைக்கும் நீரும் சுவரோரம் தேங்கக் கூடாது. சாலை மேல் சாலை போட்டு நம் வாசல்கள் பள்ளமாகிவிட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது அதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

வழியை அடைத்த பிறகு, கறைக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, மார்ச், ஏப்ரல் வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். எதிரெதிரே இரண்டு ஜன்னலோ ஜாலியோ வையுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

பூசணத்தை முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

ஒரு சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஓதச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து வாடகைக்கு விடுவதும் விற்பதும் அந்த ஈரத் தானியம்தானே? சரிசெய்து கொடுங்கள், முடியாவிட்டால் உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள்.

நம் ஜமாஅத்தில் கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆதரவற்ற ஒரு தாயின் வீட்டுச் சுவரை இந்தக் கோடையில் ஒரு நாள் பார்த்துக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், அது உங்களுக்கு ஸதகாவாக அமையும். வஸ்ஸலாம்.