பதாகையில் இல்லாத பிள்ளைகளின் கணக்கு

 

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகி இரண்டு நாள் போனால் சம்மாந்துறை ஹிஜ்ரா சந்தியில் என்ன தொங்கும் என்று இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. 9 ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள், பாடசாலையின் பெயர், வலயத்தில் எத்தனையாம் இடம், மாகாணத்தில் எத்தனையாம் இடம். அந்தப் பிள்ளைகள் இரவு பகலாக உழைத்தவர்கள். அவர்களை வாழ்த்துவோம், மனம் நிறைய வாழ்த்துவோம். ஆனால் அதே பாடசாலையில், அதே வகுப்பறையில் இருந்து கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியின்மை, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த எண்ணை எந்தப் பதாகையும் சொன்னதில்லை. இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

இந்த நாட்டில் கணிதத்துக்கு மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஓர் அதிகாரம் இருக்கிறது. உயர்தரம் படிக்க வேண்டுமானால் ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் இருந்தே ஆக வேண்டும் என்பது பொது விதி. வரலாற்றில் தவறிய பிள்ளை வேறொரு பாடத்தால் ஈடுகட்டலாம். கணிதத்தில் 34 புள்ளி எடுத்த பிள்ளைக்கு அப்படி ஈடுகட்ட வழி கிடையாது. 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வி தொழிற்கல்விப் பாதை ஒன்றைத் திறந்துவிட்டது உண்மை. என்றாலும் 34க்கும் சித்திக்கு வேண்டிய 35க்கும் இடையிலுள்ள அந்த ஒற்றைப் புள்ளி பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் திசையை மாற்றிவிடுகிறது.

இத்தனை பெரிய பாடத்தைத்தான் நாம் பந்தயமாக்கி வைத்திருக்கிறோம்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் 90 புள்ளிக்கு மேல் எடுத்தாலும் நாற்பதாம் பிள்ளை என்று ஒரு பிள்ளை இருக்கும். நாற்பது பேரும் 30க்குக் கீழே எடுத்தாலும் முதலாம் பிள்ளை என்று ஒரு பிள்ளை இருக்கும், அதன் உம்மா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவார். சென்ற தவணை 22 எடுத்தவன் இந்தத் தவணை 38 எடுக்கிறான். வகுப்பே கொஞ்சம் ஏறியிருப்பதால் அவனுடைய இடம் 31 ஆகவே நிற்கிறது. பதினாறு புள்ளி ஏறிய பிள்ளை அது. தேர்ச்சி அறிக்கையைப் பார்த்த வாப்பா கேட்பது, ‘இந்த முறையும் முப்பத்தொன்றா?’ என்றுதான். பின்னமும் சதவீதமும் அந்தப் பிள்ளைக்கு இப்போது விளங்கத் தொடங்கியிருக்கிறது என்பதை அந்த அறிக்கையின் எந்த மூலையும் சொல்லவில்லை.

இது வெறும் மனவருத்தம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரிச்சர்ட் மேர்பி, ஃபெலிக்ஸ் வைன்ஹார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் இங்கிலாந்து மாணவர்களின் பெறுபேறுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2020 இல் வெளியிட்டார்கள். தேசியப் பரீட்சையில் ஒரே புள்ளி எடுத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். தன் ஆரம்பப் பாடசாலையில் மேலிடத்தில் இருந்த பிள்ளை, அதே புள்ளியோடு கீழிடத்தில் இருந்த பிள்ளையைவிட இடைநிலைப் பாடசாலையில் நன்றாகச் செய்தது. அறிவு ஒன்று, புள்ளி ஒன்று. தன்னைப் பற்றிய நம்பிக்கை மட்டும் வேறு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலோடு ‘நீ கெட்டிக்காரன், நீ மக்கு’ என்று பத்து வயதில் பிரித்து, வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைந்ததற்காக உறவினர் முன் குனிய வைக்கும் நமக்கு, அந்த ஆய்வு சொல்வது புரியாமல் போகாது.

ஒரு பரீட்சைக்கு மட்டும் இவ்வளவு கனத்தை ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை 2024 செப்டம்பரில் நாடே பார்த்தது. புலமைப்பரிசில் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே போயின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இதைவிடக் கேடு நடந்தது. பாடசாலைகளின் பெயரும் ஆசிரியர்களின் பதவியும் பரீட்சைப் புள்ளியில் தொங்கிய அந்த நகரத்தில், 44 பாடசாலைகளில் 178 கல்வியாளர்கள் முறைகேட்டில் சம்பந்தப்பட்டதாக 2011 விசாரணை அறிக்கை சொன்னது. பிள்ளைகளின் விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாது என்பது பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

கடலுக்கு அப்பால் நம்முடைய மொழி பேசும் தமிழ்நாட்டைப் பாருங்கள். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பல்லாண்டு காலம் மாநில முதலிடங்களை அள்ளின. பல தனியார் பள்ளிகள் பதினொராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. பதினொராம் வகுப்புக் கணிதம் தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு எடுத்த பிள்ளைகள் பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டில் தடுமாறினார்கள். 2017 மே மாதம் தமிழக அரசு மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தையே நிறுத்தியது. அந்த முடிவுக்கு இங்கிருந்தே கைதட்டலாம். ஆனால் அதே ஆண்டில் பதினொராம் வகுப்புக்கும் ஒரு பொதுத்தேர்வை அறிவித்தார்கள், தேர்வு கொண்டுவந்த நோய்க்கு இன்னொரு தேர்வு மருந்தாகும் என்று நம்பி. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது.

சிங்கப்பூர் ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை 2012 இலிருந்து அறிவிப்பதில்லை. 2019 முதல் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதும் இல்லை. கணிதம் சரிந்துவிட்டதா? 2022 பீசா சர்வதேச மதிப்பீட்டில் 575 புள்ளியோடு சிங்கப்பூர்ப் பிள்ளைகள்தான் உலகில் முதலாவது. பீசாவும் பட்டியல்தானே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். பட்டியல்தான், ஆனால் அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் கிடையாது.

பட்டியலின் துல்லியத்தை நம்புகிறவர்கள் 2011ஐ மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த உயர்தரப் பெறுபேறுகளில் மாவட்ட நிலைகள் பிழைத்துப் போயின. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கணித்திருந்தார்கள். பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளியைச் செல்லாததாக்கி, இரண்டையும் தனித்தனியே கணிக்கச் சொன்னது. எத்தனை வீடுகளில் அந்த ஆறு மாதம் இனிப்பும் கண்ணீரும் இடம் மாறியிருக்கும்!

வரிசைப்படுத்துவதைத் தவிர்க்க முடியாத இடமும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் இடங்கள் குறைவு. பல கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. அங்கே யாரையாவது முன்னே வைத்து யாரையாவது பின்னே வைத்துத்தான் ஆக வேண்டும். தரம் 7 தவணைப் பரீட்சையில் எந்த இடத்துக்குப் போட்டி? பங்கு பிரிக்க அங்கே ஒன்றுமே இல்லாதபோது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது எதற்கு?

இனி எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்துக்கு வருவோம். வேல்ஸ் 2001 இல் பாடசாலைத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் கணக்குப் பார்த்தபோது, இங்கிலாந்தோடு ஒப்பிட வேல்ஸ் பிள்ளைகளின் பெறுபேறு இறங்கியிருந்தது. சிறந்த பாடசாலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்தங்கிய பாடசாலைகள்தான் மேலும் கீழே போயின. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஊர் பார்க்கிறது என்ற பயம் ஓர் அதிபரை உசுப்பும். யாரும் பார்க்காத இடத்தில் ஏழைப் பிள்ளைதான் முதலில் கைவிடப்படும். ஆகவே எண்களை மூடி வைக்கும்படி இந்த மேடை கேட்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் எண்ணை ஒட்டாதீர்கள், பாடசாலையின் கணக்கை முழுதாகக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறது.

முழுதாக என்றால்? நன்றாக விளைந்த ஒரு வரவையின் கதிரை மட்டும் பிடுங்கி வந்து காட்டி, முழுக் கண்டத்தின் விளைச்சலும் இதுதான் என்று சொன்னால் சம்மாந்துறை விவசாயி ஒத்துக்கொள்வாரா? பாடசாலை விடயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறோம். பத்துப் பேர் பரீட்சை எழுதும் ஒரு சிறு பாடசாலையில் ஒரு பிள்ளை தவறினால் சித்தி வீதம் பத்துக் குறையும். இருநூறு பேர் எழுதும் பெரிய பாடசாலையில் ஒரு பிள்ளை தவறினால் அரை வீதம். நாவிதன்வெளியிலோ இறக்காமத்திலோ ஒரு சின்னப் பாடசாலை ஓர் ஆண்டு வலயத்தில் மேலே ஏறி, அடுத்த ஆண்டு தலைகீழாக விழலாம். அங்கே கற்பித்தல் ஒரு துளியும் மாறியிருக்காது. அந்த ஆசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பது கணக்குத் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

சித்தி வீதம் ஒன்றையே துரத்தும்போது வகுப்பறையில் இன்னொன்றும் நடக்கிறது. 35ஐத் தொட்டுவிடக் கூடிய பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு. 75ஐத் தாண்டக் கூடியவர்களுக்குச் சிறந்த ஆசிரியர். 12 புள்ளியில் நிற்கும் பிள்ளைக்கு? அதன் மேல் செலவிடும் நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. இங்கிலாந்தில் சி, டி எல்லையில் இருந்த பிள்ளைகளுக்கே பாடசாலைகள் உழைப்பைக் கொட்டி மற்றவர்களைக் கைவிட்டதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016 இல் அங்கே அளவுகோலை மாற்றி, பிள்ளை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் வந்தது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

12 புள்ளியில் நிற்கும் அந்தப் பிள்ளை தரம் 11 இல் தோற்றுப் போகவில்லை. தரம் 6 இல் பின்னம் விளங்காமல் போனது. அதனால் தரம் 8 இல் அட்சரகணிதம் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டே மூன்று ஆண்டு கழிந்தது. தவணை முடிந்தால் பாடம் அடுத்த அலகுக்குப் போய்விடும், பிள்ளை போனதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி ஆண்டில் கடந்தகால வினாத்தாளும் மொடல் பேப்பரும் மலை மலையாகக் கொடுக்கிறோம். அடித்தளம் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தாள் ஒவ்வொன்றும் ‘உனக்குத் தெரியாது’ என்று இன்னொரு முறை சொல்வதுதான்.

இதே ஊரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் கணிதம் படிக்கப் பிள்ளைகள் சம்மாந்துறைக்கு வருகிறார்கள். அந்த மாணவர்களைக் கேட்டு, சனிக்கிழமைகளில் தரம் 6, 7 பிள்ளைகளோடு உட்கார வைக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்களாலும் முடியும், பழைய மாணவர் சங்கங்களாலும் முடியும். பதாகைக்கும் மாலைக்கும் போகும் காசு அதற்குப் போதும்.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: ஆறு ஆண்டுக்கு முன் தரம் 6 இல் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களில் சாதாரண தரம் எழுதியவர்கள் எத்தனை, கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் எத்தனை? நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே? தரம் 6 கணிதத்துக்கு இந்த ஆண்டு யார் போகிறார், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? பதில் வரும்வரை அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் இருக்கட்டும்.

தேர்ச்சி அறிக்கையில் வகுப்பு நிலையை நீக்கி, சென்ற தவணைப் புள்ளியையும் இந்தத் தவணைப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்த அலகு இன்னும் விளங்கவில்லை என்று எழுதித் தரும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம் மேசையில் வைத்திருக்கிறார்கள். உம்மாமார் முதலில் கையொப்பமிடுங்கள். இஷாத் தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கிறது.