அர்ஜென்டினா சினிமாவும் பாதிரியும் பட்டாளமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அர்ஜென்டினா தேசத்து சினிமாவின் சரித்திரமாகும். எங்கேயோ தென் அமெரிக்காவில் இருக்கும் தேசத்தின் சினிமாவைப்பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். மதமும் அதிகாரமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் படம் எடுக்கிறவன் கதி என்னவாகும் என்பதை அந்தச் சரித்திரம் நன்றாக விளக்குகிறபடியால்தான் அதை எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தேசத்து அரசியல் சட்டத்தின் 2-வது பிரிவு, சர்க்கார் ரோமன் கத்தோலிக்க மதத்தை ஆதரிக்கும் என்று சொல்லுகிறது. 1994-ம் வருஷம் வரையில் ஜனாதிபதியாக வருகிறவர் கத்தோலிக்கராகவே இருந்தாக வேண்டும் என்றும் விதி இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1896-ல் பியூனஸ் ஏர்ஸ் நகரில் முதன்முதல் சலனப்படம் காட்டப்பட்டது. 1917-ல் குவிரினோ கிறிஸ்தியானி என்பவர் அட்டையில் உருவங்களை வெட்டி அசைத்து, உலகத்திலேயே முதலாவது முழு நீளச் சித்திரப்படத்தை எடுத்தார். அது சாமி கதையா? இல்லை. அப்பொழுது பதவியிலிருந்த ஜனாதிபதி இரிகோயனையே கேலி செய்த படம்! ஜனாதிபதி வானுலகம் போய் ஜூபிடரின் இடியை வாங்கி, ஊரின் ஒழுக்கக்கேட்டைச் சுட்டெரிக்கப் பார்த்து, ஊரையே எரித்துவிடுகிறாராம். கதையில் ஊர் எரிந்தது. பிற்காலத்தில் படத்தின் பிரதிகளே தீயில் அழிந்துபோயின.

1933-ல் பேசும்படக் கம்பெனிகள் தோன்றின. டாங்கோ ஆட்டமும் பாட்டும் ஸ்பானிஷ் பேசும் தேசங்களிலெல்லாம் ஓடிப் பணத்தைக் குவித்தன. தோட்டக் கூலிகள் படும் பாட்டைக் காட்ட 1939-ல் மாரியோ சோபிசி போன்ற ஒருசிலரே துணிந்தார்கள்.

பெர்னாண்டோ பிர்ரி என்பவர் 1956-ல் சாந்தா பே நகரில் சினிமாப் பள்ளிக்கூடம் துவக்கி, மாணவர்களைக்கொண்டு ஒரு படம் எடுத்தார். பாலத்தின்மேல் ரயில் மெதுவாகப் போகிறது. ஏழைப் பிள்ளைகள் பத்துக் காசு போடும்படி கெஞ்சிக்கொண்டு பக்கத்திலேயே ஓடுகின்றன. அவ்வளவுதான் விஷயம். ஏழைக்கு மோட்சத்தில் இடமுண்டென்று பாதிரி சொல்லுகிறார். ரயிலில் போகிறவன் காசை எறிகிறான். அந்தப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் ஏன் இல்லை என்று கேட்டது அந்தப் படம்தான்!

1968-ல், பட்டாள ஆட்சியின்போது, சொலானாசும் கெத்தினோவும் நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒரு படத்தை எடுத்து, இரகசியமாகக் காட்டச் செய்தார்கள். நடுவில் படத்தை நிறுத்தி, பார்த்தவர்களை விவாதிக்கச் சொன்னார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதற்கல்ல, யோசிப்பதற்கே படம் என்பது அவர்கள் கொள்கை.

1976-ல் மறுபடியும் பட்டாளம் வந்தது. ரைமுந்தோ கிளேசர் என்ற படப்பிடிப்பாளர் அவ்வருஷமே பிடித்துக்கொண்டு போகப்பட்டார், திரும்பவேயில்லை. இப்படிக் காணாமற்போனவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமைச் சங்கங்கள் சொல்லுகின்றன.

1983 கடைசியில் பட்டாள ஆட்சி ஒழிந்தது. 1984-ல் படத் தணிக்கை இலாகா எடுக்கப்பட்டது. அதே வருஷம் மரியா லூயிசா பெம்பெர்க் என்ற பெண்மணி 'கமிலா' படத்தை வெளியிட்டார். இது கற்பனையல்ல. கமிலா என்ற பெண் ஒரு பாதிரியைக் காதலித்து அவருடன் ஓடிப்போனாள். 1848-ல் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவள் எட்டு மாதக் கர்ப்பிணி! வயிற்றுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவேண்டுமென்று தாய்க்குத் தீர்த்தம் குடிக்கக் கொடுத்தார்கள் என்று சொல்லுவார்கள். பிள்ளையின் ஆத்மாவுக்குத் தீர்த்தம், உடலுக்குக் குண்டு! இதுதான் மதத்தின் ஜீவகாருண்யம்.

1985-ல் லூயிஸ் புயென்சோ எடுத்த படத்தில் ஒரு சரித்திர உபாத்தியாயினி வருகிறாள். புத்தகத்தில் அச்சிட்டிருப்பதே சரித்திரம் என்று நம்பியிருந்தவள், தான் வளர்க்கும் குழந்தை, காணாமற்போன ஒரு தாயிடமிருந்து களவாடப்பட்டதோ என்று சந்தேகித்து விசாரிக்கத் தொடங்குகிறாள். விசாரித்தால் வீடு உடையும். விசாரிக்காவிட்டால் மனிதத்தன்மை போகும். அவள் விசாரித்தாள்.

ஆகவே தோழர்களே! சினிமா நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது, எதை மறைக்கிறது என்று கேளுங்கள். எழுதிவைத்தவன் யாராயிருந்தாலும் சரி, நம்புவதற்கு முன் விசாரியுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.