திண்ணையை இடித்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே! "ஏ.சி. இருக்கும்போது வெயில் என்ன செய்யும்?" என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. அம்மா, ஏ.சி. நம்ம அறைச் சூட்டை வாரிப் பக்கத்து வீட்டு ஜன்னல்ல கொட்டுது. அவர் சும்மா இருப்பாரா? அவரும் ஒண்ணு வாங்கி நம்ம மேல கொட்டுறார். அப்புறம் ரெண்டு பேரும் வாசல்ல நின்னு, "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்"னு பேசிக்கிறோம்! (சிரிப்பு)

நான் மட்டும் யோக்கியனா? ஓட்டு வீட்டையும் திண்ணையையும் இடிச்சு மாடி வீடு கட்டினவன்தான். முதல் சித்திரை. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவைக் காணோம். தேடிப் போனா, எதிர்வீட்டுத் திண்ணையில படுத்திருக்காங்க. "பகல்ல வெயில் வெளியில இருக்குப்பா. ராத்திரி ஆனா உன் வீட்டுக்குள்ள வந்துடுது"ன்னாங்க. முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், இரவில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது.

சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுடுகிறார்கள். எரிக்கிற நிலக்கரி ஒரு பக்கம் புகை விட, அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. மனிதன் உலகில் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது.

"அப்போ குடிசைக்குப் போகச் சொல்றீங்களா?" என்பார்கள். இல்லை ஐயா. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டு என்று ஒன்றைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விடுவது. கால்வாசிச் செங்கல் மிச்சம். அந்த இடைவெளிக் காற்று வெயிலைத் தடுக்கும். மின்சாரக் கட்டணம் கிடையாது! (கைதட்டல்)

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னை குடத்தோடு லாரிக்கு நின்றது. ஏரியில் வீடு கட்டினோம். முற்றத்தில் சிமெண்ட் போட்டோம். மழை எங்கே இறங்கும்? மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். பல வீட்டுச் சுவரில் குழாய் இருக்கு. குழாய் போய்ச் சேரக் குழிதான் இல்லை! (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சிடறேன். அடுத்த கோடைக்கு மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன், கீற்றுப் பந்தல் போட்டேன். அம்மா வீட்டுக்குள் தூங்கினாங்க. இப்போ அம்மா இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையும் இல்லை. கார் நிறுத்தணும்னு போன வருஷம் இடிச்சிட்டாங்க.

(கைதட்டல்)